தமிழ்நாட்டில் போருக்கு முந்தைய சொகுசுக் கார்கள்

போருக்கு முந்தைய சொகுசுக் கார்கள் என்பவை 1939-இல் இரண்டாம் உலகப்போர் தொடங்குவதற்கு முன், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செல்வந்தர்களுக்கெனச் செய்யப்பட்ட கார்கள். ரோல்ஸ்ராய்ஸ், டெய்ம்லர், மினர்வா, இஸ்பானோ சுவிசா, டெலாஜ், பக்கார்டு, காடிலாக், பியூக் ஆகியவை இவற்றுள் அறியப்பட்ட பெயர்கள். பழைய சென்னை மாகாணத்திலும், அதன் கடற்கரையில் தீவுகளைப்போலக் கிடந்த பிரெஞ்சுப் பகுதிகளான புதுச்சேரி, காரைக்காலிலும் கார்களின் வரலாறு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து செல்கிறது. வந்த சொகுசுக் கார்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. எஞ்சியவை அருங்காட்சியகங்களிலும் தனியார் கொட்டகைகளிலும் உள்ளன. பல வண்டிகள் தப்பிப் பிழைத்ததே உருமாறியதால்தான். அந்த மாற்றங்களை இன்று என்ன செய்வது என்பது இவற்றை மீட்டமைப்போர் முன் நிற்கும் முதன்மையான கேள்வி.

பெயர்

தமிழகக் கிராமங்களில் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை காருக்கு வழங்கிய பெயர் ‘பிளஷர்’ அல்லது ‘பிளசர்’. லாரி, பஸ் போன்ற பிழைப்பு வண்டிகளிலிருந்து பிரித்துச் சொல்ல ஆங்கிலேயர் காலத்தில் ‘பிளஷர் கார்’ என்றார்கள். அதில் ‘கார்’ உதிர்ந்து ‘பிளஷர்’ நின்றது. பின்னாளில் தனித்தமிழ் ஆர்வலர் ஆக்கிய ‘மகிழுந்து’ என்ற சொல்லிலும் அதே பொருள் இருப்பது கவனிக்கத்தக்கது. ஊரில் ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் இருந்த, வேலைக்கன்றி மகிழ்ச்சிக்கு ஓடிய வண்டி என்ற நினைவு இரு சொற்களிலும் தங்கியிருக்கிறது.

‘வின்டேஜ்’ என்ற சொல்லை இங்கே எல்லாப் பழைய கார்களுக்கும் பயன்படுத்துகிறார்கள். பன்னாட்டு வழக்கு அப்படியல்ல. 1966-இல் உருவான பன்னாட்டுப் பழம் ஊர்திகள் கூட்டமைப்பு, 1904 முடிய உள்ளவற்றை முன்னோடி வண்டிகள் என்றும், 1905 முதல் 1918 வரையானவற்றை ‘வெட்டரன்’ என்றும், 1919 முதல் 1930 வரையானவற்றை ‘வின்டேஜ்’ என்றும், 1931 முதல் 1945 வரையானவற்றை ‘பிந்தைய வின்டேஜ்’ என்றும் வகுக்கிறது. இந்தியச் சட்டத்தின் கணக்கு வேறு. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த எந்தத் தனியார் காரும் இங்கே வின்டேஜ்தான். அந்தக் கணக்கில் 1972-இல் பதிவான ஓர் அம்பாசடரும் 1926-இல் வந்த ஒரு ரோல்ஸ்ராய்சும் ஒரே வரிசையில் நிற்கும்.

சேசிஸ் ஓரிடம், பாடி ஓரிடம்

இந்தக் கார்களைப் புரிந்துகொள்ளக் கரூரை நினைத்துக்கொண்டால் போதும். பஸ் முதலாளி ஒருவர் அசோக் லேலண்டில் சேசிஸ் மட்டும் வாங்குவார்; அதைக் கரூருக்கு ஓட்டிச் சென்று பாடி கட்டுவார். சன்னல் எப்படி, இருக்கை எத்தனை, நிறம் என்ன என்பதெல்லாம் அவர் விருப்பம். போருக்கு முந்தைய உயர்தரக் கார்களும் இதே முறையில்தான் பிறந்தன. போர் முடியும்வரை ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனம் முழுக் கார் எதையும் விற்றதில்லை. எஞ்சின், சேசிஸ், ரேடியேட்டர் ஆகியவற்றை மட்டும் தந்தது. பாடியைப் பார்க்கர், ஹூப்பர், த்ரப் அண்ட் மேபர்லி, விண்டோவர்ஸ் போன்ற கூடு கட்டும் நிறுவனங்கள் செய்தன. இவற்றுள் பல, அதற்கு முன் குதிரை வண்டி செய்தவை. எனவே ஒரே ஆண்டில் வெளிவந்த இரண்டு ரோல்ஸ்ராய்ஸ்கள் ஒன்றுபோல் இருக்கவேண்டியதில்லை.

உள்ளே மரச்சட்டம், மேலே அலுமினியத் தகடு என்பது பாடியின் பொது அமைப்பு. மரம் இங்கிலாந்தில் பெரும்பாலும் ஆஷ். இந்தியாவில் கட்டியபோதும் பழுது பார்த்தபோதும் கைக்குக் கிடைத்த தேக்கு அந்த இடத்தைப் பிடித்தது. ஒரு வண்டியின் கதவைக் கழற்றி உள்ளிருக்கும் மரத்தைப் பார்த்தால் அது எங்கே கட்டப்பட்டது, எப்போது கை வைக்கப்பட்டது என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

சென்னையில் இந்தத் தொழில் சிம்ப்சன் நிறுவனத்தோடு தொடங்குகிறது. 1840-இல் தொடங்கப்பட்ட சிம்ப்சன் குதிரை வண்டிகள் செய்துவந்தது. 1903-இல் அங்கே பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்தார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் நீராவிக் கார் அது என்பர். இரண்டு ஆண்டு கழித்து அந்நிறுவனம் செய்த நீராவிப் பஸ் விசயவாடாவுக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் இடையே ஓடியது. அதே பட்டறை பின்னர் கார்களுக்கும் பாடி கட்டியது. சென்னைக்காரர்கள் கார் வாங்கி ஓட்டியவர்கள் மட்டுமல்லர், செய்து பார்த்தவர்களும்கூட என்பது பழங்கார் பற்றிய பேச்சில் அடிக்கடி விடுபட்டுப்போகிறது.

வாங்கியவர்கள்

சென்னையில் எம்.சி.-1 என்ற எண்ணைப் பெற்ற கார் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குடையது. கார் வாங்கிய முதல் இந்தியராகச் சொல்லப்படுபவர் கட்டட ஒப்பந்தக்காரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி. அவருடைய பிரெஞ்சு வண்டிக்கு எம்.சி.-3 என்ற எண் வழங்கப்பட்டது. அது பிரெஞ்சு வண்டியாக இருந்ததில் வியப்பில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகிலேயே அதிகமாகக் கார் செய்த நாடு பிரான்சு. சேசிஸ், கேரேஜ், லிமோசின், கூப்பே என்று கார் உலகில் இன்றும் புழங்கும் சொற்கள் பிரெஞ்சுக்காரர் தந்தவை.

இந்தியாவில் சொகுசுக் கார் என்றதும் மகாராஜாக்களைத்தான் சொல்வார்கள். ஐதராபாத் நிசாம் மகபூப் அலி கான் வரவழைத்த மஞ்சள் நிற ரோல்ஸ்ராய்ஸ் சில்வர் கோஸ்ட், பின்னால் அரியணை போன்ற ஒற்றை இருக்கையோடு செய்யப்பட்டது. அவர் 1911-இல் காலமானதால் அதில் ஏறவேயில்லை. வண்டி இன்றும் அந்நகரின் சௌமகல்லா அரண்மனையில் நிற்கிறது. இன்னொரு பக்கம், ஆங்கிலேயர் மேலுள்ள கோபத்தில் ஓர் அரசர் ரோல்ஸ்ராய்ஸ்களைக் குப்பை வண்டிகளாக ஓட்டினார் என்ற கதை இணையம் முழுதும் சுற்றுகிறது. ஆழ்வார், பரத்பூர், பாட்டியாலா, ஐதராபாத் என்று சொல்பவருக்கு ஏற்ப அரசர் மாறிக்கொண்டே இருப்பதே அதை நம்பாதிருக்கப் போதுமான காரணம்.

தமிழ் நிலத்தில் நிலைமை சற்று வேறு. இங்கே பெரிய சமஸ்தானங்கள் குறைவு. கார் வாங்கியவர்களில் சமீன்தார்கள், பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித்தொழில் செய்த நகரத்தார், வழக்கறிஞர்கள், காவிரிப் படுகையின் மிராசுதாரர்கள், பின்னர் சினிமாக்காரர்கள் எனப் பல வகையினர் இருந்தனர். 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் கார்களைப் பூட்டத் தொடங்கியபின் அமெரிக்க வண்டிகள் எளிதில் கிடைத்தன. மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனம் பஸ்ஸில் ஆரம்பித்து அமெரிக்கக் கார் விற்பனைக்கும் பழுது நீக்கலுக்கும் விரிந்தது. மேடு பள்ளமான செம்மண் சாலைக்கு உயரமான, வலுவான வில் பட்டைகள் கொண்ட அமெரிக்க வண்டி ஏற்றதாக இருந்தது. உதிரிப் பாகமும் கிடைத்தது. இங்கே எஞ்சியவற்றுள் பியூக், செவ்ரோலே, டாட்ஜ் போன்றவை பெருமளவில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரோல்ஸ்ராய்ஸ் மட்டுமே சொகுசு என்று எண்ணுவோர் இவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். எட்டு சிலிண்டர் எஞ்சின் கொண்ட ஒரு 1930களின் பியூக் அன்று எவ்வளவு பெரிய செல்வம் என்பது அந்த ஊரில் அதைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

காரைக்கால்

1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த காரைக்காலைச் சுற்றி மூன்று பக்கமும் தஞ்சாவூர் மாவட்டம், ஒரு பக்கம் கடல். பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898-இல் ரயில் வந்தது. சாலை வழியே வெளியே செல்ல வேண்டுமென்றால் சில கிலோமீட்டரிலேயே எல்லையும் சுங்கச் சாவடியும் குறுக்கிடும். 1941-இல் பிரிட்டிஷ் இந்தியாவோடு ஏற்பட்ட சுங்க உடன்பாடு 1949-இல் முடிவுக்கு வந்தபின் எல்லைக் கட்டுப்பாடு இறுகியது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16-இல் நிறைவேறியது.

பழங்கார் சேகரிப்போருக்கு இந்தத் தேதிகள் வெறும் அரசியல் வரலாறு அல்ல. தஞ்சாவூர்ப் பக்கம் ஓடிய ஒரு காரின் கடந்தகாலத்தைத் தேடுவோர் 1914, 1939 ஆண்டுகளின் இந்திய மோட்டார் வாகனச் சட்டங்களின்கீழ் அமைந்த பதிவேடுகளைத் தேட வேண்டும். பத்துக் கல் தொலைவில் காரைக்காலில் நின்ற காரின் 1954-க்கு முந்தைய கதை வேறொரு நாட்டின் நிர்வாகத்துக்குள், வேறொரு மொழியில் இருந்தது. பதிவுத் தாள் கிடைக்காத பழைய கார் சட்டத்தின் பார்வையில் இரும்புக் குவியலுக்குச் சமம்.

வங்கக் கடற்கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. காரைக்கால், நாகூர், தரங்கம்பாடி ஆகிய ஊர்களில் உப்புக்காற்று ஆண்டு முழுதும் வீசும். கார்த்திகை மழையில் கொட்டகைக்குள் ஈரம் ஏறும். சேசிஸின் உட்புறம் துருப்பிடிக்கும். அலுமினியத் தகடும் இரும்பு ஆணியும் தொடும் இடத்தில் உப்பு நீர் பட்டால் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு அலுமினியம் வெண்பொடியாக உதிரும். மரச்சட்டத்தைக் கரையான் தின்னும். கோயம்புத்தூரின் உலர்ந்த காற்றில் நாற்பது ஆண்டு சும்மா நின்ற காரையும் கடலோரத்தில் பத்து ஆண்டு நின்ற காரையும் அருகருகே வைத்தால், பழையதாகத் தோன்றுவது இரண்டாவதாகவே இருக்கும்.

பேரீச்சம்பழத்துக்குப் போன காலம்

1942 தொடக்கத்தில் மலாயாவும் பர்மாவும் சப்பானியர் கையில் வீழ்ந்தன. ரப்பர் வரத்து நின்றது, டயர் அரிதாயிற்று. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. நகரத்தாரின் பர்மா முதலீடு ஏறத்தாழ ஒரே வீச்சில் கைவிட்டுப் போயிற்று. அந்த ஆண்டு ஏப்ரலில் கொழும்பில் குண்டு விழுந்ததும் சென்னையிலிருந்து மக்கள் உள்ளூர்களுக்கு ஓடினார்கள். வண்டிகளை ஓட்ட, கரியை எரித்து வாயு உண்டாக்கும் உருளையைப் பின்னால் பொருத்தும் முறை பரவியது. டி.வி.எஸ். நிறுவனமே அத்தகைய வாயுக் கருவியைச் செய்து விற்றது. அதைப் பொருத்த வண்டியின் பின்பக்கத்தை வெட்டவோ துளையிடவோ வேண்டியிருந்தது. பழங்கார்களின் மேல் விழுந்த முதல் பெரிய வெட்டு இதுதான்.

அடுத்தடுத்த அடிகள் பணத்தின் பக்கமிருந்து வந்தன. 1948-இன் சென்னை எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் சமீன்தார்களின் வருவாயை அறுத்தது. 1950களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு ஆகியவை இந்தியாவில் கார் பூட்டுவதை நிறுத்தின. உதிரிப் பாகம் வரும் வழி அடைந்தது. 1971-இல் மன்னர் மானியம் ஒழிக்கப்பட்டது. இரண்டு ஆண்டில் பெட்ரோல் விலை ஏறியது. லிட்டருக்கு நான்கைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியை வைத்திருப்பவர் அப்போது ஊராரின் கேலிக்குத்தான் ஆளாவார்.

எனவே பெரும்பாலானவை காயலான் கடைக்குச் சென்றன. ‘பேரீச்சம்பழத்துக்குப் போடுவது’ என்ற வழக்கு இந்தக் கார்களுக்கு ஏறத்தாழ நேர்ப்பொருளிலேயே பொருந்தியது. பித்தளை, செம்பு, அலுமினியம் ஆகியவை எடைக்கு விலைபோயின. சென்னை எழும்பூரை அடுத்த புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் சந்தை வளர்ந்தது. பிற்காலத்தில் மீட்டமைப்போர் விளக்கு, காட்டுமானி, கதவுப்பிடி தேடி அலைந்ததும் அதே புதுப்பேட்டைச் சந்துகளில்தான்.

அழியாமல் தப்பியவை வேறு வேலைக்கு மாறியவை. பெரிய அமெரிக்கக் கார்களின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் பொருத்துவது வழக்கமாயிற்று. சென்னையில் சிம்ப்சன் நிறுவனமே 1950களில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்துகொண்டிருந்தது. பின் பாதியை அறுத்துவிட்டுச் சரக்குத் தட்டு வைத்தவர்கள் உண்டு. திருமண ஊர்வலத்துக்கும் சினிமாப் படப்பிடிப்புக்கும் வாடகைக்கு விட்டவர்கள் உண்டு. அதற்கு ஏற்ப நிறமும் அலங்காரமும் மாறின. வண்டியைக் கெடுத்தவர்கள் என்று இவர்களைப் பழிப்பது சேகரிப்போரிடையே வாடிக்கை. அது நியாயமான தீர்ப்பு அல்ல. டீசல் எஞ்சின் மாட்டாதிருந்தால் அந்த வண்டி இருந்திருக்காது.

இன்னொரு வகையில் வெளியேறியவை வடநாட்டு அரண்மனைக் கார்கள். 1960களில் மேல்நாட்டு வணிகர்கள் வந்து மலிவாக வாங்கிச் சென்றார்கள். ராஜ்கோட் அரசருக்காக 1934-இல் த்ரப் அண்ட் மேபர்லி பாடியோடு வந்த ‘இந்திய நட்சத்திரம்’ என்ற காவி நிற ரோல்ஸ்ராய்ஸ் பாண்டம்-2, அந்தப் பத்தாண்டின் இறுதியில் நாட்டை விட்டுச் சென்றது. பல கை மாறி, நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்து, அதே குடும்பம் அதைத் திரும்ப வாங்கியது. 1972-இல் பழங்கார் ஏற்றுமதிக்கு அரசு தடை விதித்தது. தடை கார்களைக் காப்பாற்றியதா என்றால், நாட்டுக்குள் வைத்தது என்பது மட்டுமே உறுதி. விற்க வழியில்லாத, ஓட்டக் கட்டுப்படியாகாத வண்டி கொட்டகையில் கிடந்து மக்குவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

மீட்டமைக்கும் வேலை

ஒரு பழங்காரை மீட்டமைப்பது எண்களைப் படிப்பதில் தொடங்குகிறது. சேசிஸ் எண், எஞ்சின் எண், பாடி கட்டியவரின் தகடு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். ரோல்ஸ்ராய்ஸ் என்றால் இங்கிலாந்தின் ஆர்வலர் மன்றத்தில் சேசிஸ் எண் வாரியாக ஆவணம் கிடைக்கும். முதலில் யார் வாங்கினார், பாடி எது, எந்தத் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். மற்றப் பல நிறுவனங்களின் ஏடுகள் போரிலும் மூடுவிழாக்களிலும் அழிந்துவிட்டன.

அடுத்தது பிரித்தல். ஒவ்வொரு திருகாணியையும் படமெடுத்து, எண் கட்டிக் கழற்ற வேண்டும். டிங்கரிங் பட்டறையில் சுத்தியலோடு நிற்கும் மேஸ்திரிக்கு அலுமினியம் புதிது. இரும்புத் தகட்டை அடிப்பதுபோல் அடித்தால் அது நீண்டு, பின் கிழியும். சக்கர இயந்திரத்தில் உருட்டி வளைக்கத் தெரிந்தவர்கள் அரிது. மரச்சட்டத்துக்கு நல்ல தச்சர் கிடைப்பது சற்று எளிது. தேர்த் தச்சர் மரபு இன்னும் இருக்கும் நாடு இது. வளைவுக்கேற்ப மரத்தின் ரேகை ஓடும்படி துண்டு தேர்ந்து, ஆணியின்றிப் பொருத்தும் கை அவர்களிடம் உண்டு.

எஞ்சின் பக்கம் இன்னும் நுட்பமானது. அக்காலத்துப் பேரிங் இன்றைய கடையில் வாங்கும் பொருள் அன்று. வெள்ளீயம், அஞ்சனம், செம்பு கலந்த வெள்ளை உலோகத்தை உருக்கி, அதற்குரிய கூட்டில் வார்த்து, பின் கிராங்க் தண்டின் மேல் வைத்துச் சுரண்டிச் சுரண்டிப் பொருத்த வேண்டும். நீல மை தடவித் தண்டைச் சுழற்றினால் எங்கே உரசுகிறது என்று தெரியும். அந்த இடத்தை மட்டும் சுரண்டுவார்கள். இது நாள் கணக்கில் இழுக்கும் வேலை. கிராமத்தில் ஒற்றை சிலிண்டர் எண்ணெய் எஞ்சின் இறைத்த காலத்தில் இந்தக் கலை தெரிந்த மெக்கானிக் தாலுகாவுக்கு ஒருவராவது இருந்தார். மின் பம்பு வந்தபின் அந்தத் தலைமுறை கரைந்தது.

கோயம்புத்தூர் இதில் தனியிடம் பெறுகிறது. வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் நிறைந்த ஊர். கிடைக்காத பல்சக்கரத்தையும் நீர்ப்பம்பு உறையையும் மாதிரி பார்த்துச் செய்து தருவார்கள். அவ்வூர்த் தொழில் வளத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவரான ஜி. டி. நாயுடு (1893–1974), உணவகத்தில் பணியாளராக இருந்து சேர்த்த காசில் ஓர் ஆங்கில அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்து, மீண்டும் பூட்டிக் கற்றவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு வண்டி ஓட்டித் தொடங்கிய அவரது போக்குவரத்துத் தொழில் யு.எம்.எஸ். நிறுவனமாக வளர்ந்தது. அவர் பெயரால் இயங்கும் அறக்கட்டளை 2015-இல் அவிநாசி சாலையில் கார் அருங்காட்சியகத்தைத் திறந்தது.

நிறத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம் நிறத்தைச் சொல்லாது. கதவுக் கீலுக்கு அடியிலோ, காட்டுமானிப் பலகைக்குப் பின்னாலோ உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தால், மரத்தின் ஆண்டு வளையம்போல ஒன்றன்கீழ் ஒன்றாக நிறங்கள் வெளிப்படும். கடைசியில் கிடைப்பது முதல் நிறம். இதைச் செய்யாமல் மொத்தமாகச் சுரண்டிவிட்டால் சான்று போயிற்று. 1920களின் நடுவில் டூக்கோ என்ற தெளிப்பு வண்ணம் வரும்வரை கார்களுக்குத் தூரிகையால் எண்ணெய் வண்ணமும் வார்னீசும் அடுக்கடுக்காகப் பூசினார்கள்; காய்வதற்கே வாரங்கள் ஆகும். இன்றைய பாலியூரித்தேன் வண்ணம் அடித்த 1922 வண்டி கண்ணாடிபோல் மின்னும். 1922-இல் அது ஒருபோதும் அப்படி மின்னியதில்லை. குரோமியமும் அப்படியே. 1920களின் இறுதிவரை விளக்கு, ரேடியேட்டர் ஆகியவற்றின் பளபளப்பு நிக்கல் முலாம் தந்தது. சற்று மஞ்சள் சாயல் கொண்டது. வாரந்தோறும் துடைக்க வேண்டியது. 1924 வண்டிக்கு நீலச்சாயலுள்ள குரோமியம் பூசி நிறுத்துவது தமிழ்நாட்டுக் கண்காட்சிகளில் மட்டுமல்ல, உலகெங்கும் காணும் பிழை.

ஓட்டுவதற்கும் தனிப் பழக்கம் வேண்டும். பல பழங்கார்களில் முடுக்கு மிதி நடுவிலும் பிரேக் வலப்புறமும் இருக்கும். தீப்பொறி நேரத்தை ஸ்டியரிங் மேலுள்ள நெம்பால் ஓட்டுநரே மாற்ற வேண்டும். பின்தள்ளி வைக்க மறந்து கைப்பிடியைச் சுழற்றினால் அது திருப்பியடித்து மணிக்கட்டை முறிக்கும்.

எது அசல்?

2021 சூலையில் நடுவண் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு வின்டேஜ் வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு முறை வந்தது. பழைய வண்டிகளை உடைக்கும் அரசுக் கொள்கை பேசப்பட்டுக்கொண்டிருந்த நேரம் என்பதால் சேகரிப்போர் இதை ஆவலோடு வரவேற்றனர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் சாலையில் ஓட்டலாம். ஏற்கனவே பதிவெண் உள்ள வண்டி அதை வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவு செய்வதற்கு மாநில எழுத்தை அடுத்து ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். காரைக்காலில் இப்போது வழங்கும் பி.ஒய்.-02 என்ற எண்ணிலுள்ள ‘02’ இந்த வரிசையில் இடம்பெறாது.

விதியின் மற்றொரு வரிதான் சிக்கலானது. வண்டி தன் அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சேசிஸ், பாடிக் கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்கிறது அது. மேலே கண்ட வரலாற்றோடு இதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 1943-இல் வாயுக் கருவிக்காகப் பின்பக்கம் வெட்டப்பட்டு, 1956-இல் டீசல் எஞ்சின் மாற்றப்பட்டு, 1970-இல் கல்யாண வண்டியாக வெள்ளையடிக்கப்பட்ட ஒரு கார் இந்த வரையறைக்குள் எப்படி வரும்? டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, வெளிநாட்டிலிருந்து அதே மாதிரி வேறொரு பெட்ரோல் எஞ்சினைத் தருவித்துப் பொருத்தினால் அது அசல் வடிவம் ஆகிறது. அந்த எஞ்சினோ இந்த வண்டியில் ஒருநாளும் ஓடியதில்லை. சென்னையில் வாழ்ந்த எஞ்சின் காயலான் கடைக்குச் செல்கிறது.

பன்னாட்டுக் கூட்டமைப்பு இதை வேறு விதமாகப் பார்க்கிறது. கட்டடங்களைப் பாதுகாப்பது குறித்த 1964-இன் வெனிசு சாசனத்தை அடியொற்றி அது வகுத்த தூரின் சாசனம், இயன்றவரை பேணுவதை முதலிலும் மீட்டமைப்பதைப் பின்னாலும் வைக்கிறது. வண்டி பயன்பாட்டில் இருந்த காலத்தில் அடைந்த மாற்றமும் அதன் வரலாறே என்கிறது. தமிழ் வாசகருக்கு இந்த வாதம் புதிதல்ல. கோயில் திருப்பணிகளில் மணல் வீசிக் கல்லைச் சுத்தம் செய்தபோது கல்வெட்டெழுத்தும் சிற்பத்தின் மூக்கும் தேய்ந்துபோனதாக எழுந்த எதிர்ப்பு நினைவில் இருக்கும். ‘புதுப்பித்தல்’ என்ற சொல்லே புதிதாக்குதலைத்தான் குறிக்கிறது. பழமையைப் பழமையாகவே வைத்தலுக்கு நம்மிடம் வழக்கிலுள்ள ஒற்றைச் சொல் இல்லை.

இரண்டு நிலைகளில் ஒன்றை முழுதும் ஏற்பது கடினம். கரையான் தின்ற சட்டத்தை அப்படியே பேணினால் வண்டி நிற்காது. எல்லாவற்றையும் தொழிற்சாலை நாளுக்குக் கொண்டுசென்றால் அது இங்கிலாந்தின் ஏதோவொரு கண்காட்சிக் கூடத்து வண்டியாகிவிடும். தஞ்சாவூர்ச் சாலையில் எண்பது ஆண்டு கிடந்த வண்டி என்பதற்கு அடையாளம் இராது. நடைமுறையில் கவனமான சிலர் இடைவழி ஒன்றைப் பின்பற்றுகிறார்கள். மாற்றிய பாகத்தைத் தூக்கிப்போடாமல் பெயர் எழுதி எடுத்துவைக்கிறார்கள். புது மரத்தில் ஆண்டைக் குறிக்கிறார்கள். ஒரு கதவின் உட்புறத்திலாவது பழைய வண்ண அடுக்குகளைத் தொடாமல் விடுகிறார்கள். செலவில்லாத வேலை இது. ஆனாலும் பெரும்பாலான பட்டறைகளில் இது நடப்பதில்லை.

இன்றைய நிலை

சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகள் கண்காட்சிகளும் ஓட்டங்களும் நடத்துகின்றன. ஏவி.எம். படப்பிடிப்பு வளாகத்தில் 2023 மே மாதம் திறக்கப்பட்ட பாரம்பரிய அருங்காட்சியகத்தில் எம். எஸ். குகன் சேகரித்த நாற்பதுக்கும் மேற்பட்ட பழங்கார்கள் வைக்கப்பட்டுள்ளன. சினிமாவுக்கு வாடகைக்குச் சென்று உயிர் பிழைத்த வண்டிகளின் கதையை அறிந்தவர்களுக்கு அவை ஒரு படப்பிடிப்புத் தளத்திலேயே வந்து நிற்பது பொருத்தமாகத் தோன்றும்.

அண்மையில் சேர்ந்துள்ள தொல்லை எரிபொருள். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. 1920, 1930களின் பல அமெரிக்கக் கார்புரேட்டர்களில் மிதவை தக்கையால் ஆனது. மேலே அரக்கு பூசியிருக்கும். அரக்கு எத்தனாலில் கரையும். தக்கை பெட்ரோலை உறிஞ்சி மூழ்க, எஞ்சினுக்குள் எரிபொருள் வழிந்தோடும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் வண்டியின் தொட்டியில், அதுவும் கடலோர ஊரில், அடியில் நீர் தனியே பிரிந்து நிற்கும். எனவே ஓட்டம் முடிந்ததும் தொட்டியையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுவது உரிமையாளர்களின் புது வழக்கமாகியிருக்கிறது. பித்தளைத் தகட்டில் மிதவை செய்து ஈயம் பற்றவைத்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். அப்படி மாற்றும்போது பழைய தக்கை மிதவையை எடுத்துவைப்பவர்கள் சிலரே.